அமானிதமும் காவலற்ற கணினியும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஅத்:

 

சற்று முன்னர் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. வரும் ஆண்டிற்கான மதிப்பீட்டில், ஜமாஅத் அலுவலகக் கணினியை மாற்றுவதற்கென ஒரு தொகை கோரப்பட்டிருந்தது. அப்போது பெரியவர் ஒருவர் எழுந்து, "கணினி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ஓடுகிற ஒன்றை ஏன் மாற்ற வேண்டும்? அந்தப் பணத்தில் மையவாடிக்கு விளக்குப் போடலாமே" என்று வினவினார்கள். இது நியாயமான வினாவாகும். பள்ளிவாசலின் ஒவ்வொரு ரூபாயும் மக்கள் உழைத்து ஈட்டி அல்லாஹ்வுக்காகத் தந்தது. அதை வீண்விரயம் செய்வதற்கு நம்மில் எவருக்கும் உரிமை இல்லை. கேள்வி கேட்கின்ற ஜமாஅத்தே உயிருள்ள ஜமாஅத். எனவே இன்றைய உரையை அந்த வினாவுக்கு விடையாகவே அமைத்துக் கொள்கிறோம்.

கணினித் துறையில் பட்டம் பெற்றவர்கள் நம் மஹல்லாவில் உள்ளனர். நாம் அத்துறையைச் சேர்ந்தவர் அல்லோம். ஆயினும் இது கணினியைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அமானிதத்தைப் பற்றிய செய்தியுமாகும். ஆகவே மிம்பரிலிருந்து பேசுவதற்கும் இதில் இடம் உண்டு.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன?

ஒரு காலத்தில் ஜமாஅத்தின் எல்லா விபரங்களும் தடித்த தஃப்தர்களில் இருந்தன. இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை முத்தவல்லி இடுப்பில் செருகிக் கொள்வார். இன்று அவற்றுள் பெரும்பகுதி கணினிக்குள் சென்றுவிட்டது. நிகாஹ் பதிவுகள், மணமக்களின் பிறந்த தேதி, ஆதார் அட்டையின் நகல், வலீயும் சாட்சிகளும் யார் என்ற குறிப்பு, குடும்பவாரியாகச் சந்தாக் கணக்கு, மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும், வங்கிக் கணக்கு விபரங்கள் ஆகிய எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இவற்றோடு, வெளியே சொல்லக் கூடாத இரண்டு கோப்புகளும் உள்ளன. ஒன்று, தலாக், குலா, சொத்துப் பிணக்கு முதலிய வழக்குகளில் மஹல்லாவின் முன் இரு தரப்பாரும் மனம் திறந்து சொன்னவற்றின் பதிவு. மற்றொன்று, பைத்துல்மாலில் ஜகாத் பெறுவோரின் பட்டியல்.

இந்தக் கடைசிப் பட்டியலைப் பற்றிச் சற்று நின்று சிந்தியுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் ஒரு சாராரைக் குறிப்பிடுகிறது. அவர்கள் தன்மானத்தால் எவரிடமும் கையேந்தாதவர்கள். அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே எண்ணிவிடுவர். அத்தகைய குடும்பங்கள் நம் மஹல்லாவிலும் உண்டு. அண்டை வீட்டாருக்கும், உடன்பிறந்தாருக்கும்கூடச் சொல்லாத தம் இல்லாமையை அவர்கள் பைத்துல்மாலுக்கு மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். அதே அத்தியாயத்தின் 271ஆம் வசனம் ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதைச் சிறந்ததென்று போதிக்கிறது. வலக்கரம் கொடுப்பதை இடக்கரம் அறியாதவாறு தர்மம் செய்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்பதையும் ஹதீஸில் ஓதியிருக்கிறோம். கொடுப்பவர் இத்துணை மறைவாகக் கொடுக்க, அந்தப் பெயர்களைக் காக்கும் பொறுப்பேற்ற நாம் கதவைத் திறந்து போட்டிருந்தால் நிலைமை என்னவாகும்?

அண்ணல் நபி (ஸல்) அவர்களை மக்கத்துக் குறைஷிகள் நபி என ஏற்கவில்லை. ஆயினும் தங்கள் பொருட்களை அவர்களிடமே அடைக்கலமாக வைத்தார்கள். அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட இரவில்கூட அப்பொருட்கள் நபியவர்களின் வீட்டில் இருந்தன. ஹிஜ்ரத் புறப்பட்ட அந்த நெருக்கடியிலும், அவற்றை உரியவர்களிடம் திருப்பி ஒப்படைக்கும் பொருட்டு அலீ (ரழி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். எதிரியின் பொருளுக்கே அந்த மரியாதை என்றால், நம்மை நம்பித் தம் மானத்தையே ஒப்படைத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை எவ்வளவு! அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்குமாறு ஏவுகிறது. சேர்க்க வேண்டுமாயின் முதலில் அதைக் காத்திருக்க வேண்டும்.

ஓடுவது வேறு, காவலில் இருப்பது வேறு

கணினியில் நாம் கணக்கெழுதும் மென்பொருளுக்கும் தட்டச்சு செய்யும் மென்பொருளுக்கும் அடியில், அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் அடித்தள மென்பொருள் ஒன்று உண்டு. அதை இயங்குதளம் என்பர். நம் நாட்டில் பெரும்பாலான அலுவலகங்களில் இருப்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஆகும். கோடிக்கணக்கான வரிகளால் ஆன இத்தகைய மென்பொருளில் குறைகள் இல்லாமல் இருப்பதில்லை. மனிதன் செய்த எதுவும் குறையற்றதாக இருக்க முடியாது. குறையற்ற படைப்பு அல்லாஹ்வுடையதே. அக்குறைகளுள் சில, திருடன் நுழையத்தக்க ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் நிறுவனம் அதை அடைத்து, அப்டேட் எனப்படும் திருத்தத்தை இணையத்தின் வழியே இலவசமாக அனுப்புகிறது.

ஆனால் இந்தப் பணியை அந்நிறுவனம் என்றென்றும் செய்வதில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு தவணை வைத்து முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கான திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தப்பட்டன. 2009 இல் வந்த விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 உடன் தவணை முடிந்தது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 க்கு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. இந்தக் கடைசிப் பதிப்பை வைத்திருக்கும் வீட்டுப் பயனாளர்களுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை என்று கூடுதல் தவணை ஒன்று அறிவிக்கப்பட்டது. அதுவும் ஒரு தவணையே.

தவணை முடிந்த மறுநாள் கணினி நின்றுவிடுவதில்லை. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். ரசீது அச்சாகும், கணக்கு ஏறும். மக்கள் ஏமாறுவது இங்கேதான்.

உஹதுப் போர்க்களத்தை நினைவு கூருங்கள். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரழி) அவர்களின் தலைமையில் வில்லாளிகள் ஐம்பது பேரை நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறு குன்றின் மீது நிறுத்தினார்கள். வெற்றியோ தோல்வியோ, எது நேர்ந்தாலும் அவ்விடத்தை விட்டு அகலலாகாது என்று கட்டளையிட்டார்கள். போர் முடிந்துவிட்டதென்று எண்ணிப் பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். அப்துல்லாஹ் (ரழி) அவர்களும் ஒரு சிலருமே எஞ்சினர். அன்று இஸ்லாத்தைத் தழுவியிராத காலித் இப்னு வலீத், அந்தக் கணவாய் காவலற்றுப் போனதைக் கண்டு குதிரைப்படையுடன் பின்புறமாகச் சுற்றி வந்தார். களத்தின் நிலைமை தலைகீழாயிற்று. குன்று அங்கேயே இருந்தது. களத்தில் நின்றவர்களின் வீரமும் குறையவில்லை. குன்றின் மேல் காவல் மட்டுமே இல்லை. அது கீழே நின்றவர்களுக்குத் தெரியவும் இல்லை. தவணை முடிந்த இயங்குதளத்தில் ஓடும் கணினி, வில்லாளிகள் இறங்கிவிட்ட அந்தக் குன்றைப் போன்றது.

புதிய திருத்தமே பழைய ஓட்டையைக் காட்டிக் கொடுக்கும்

இதிலே இன்னுமொரு நுட்பமான ஆபத்து உண்டு. பூட்டுக்காரர் ஒருவர் ஊரில் ஆயிரம் வீடுகளுக்கு ஒரே வகைப் பூட்டைப் போட்டிருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பூட்டில் ஒரு பழுது இருப்பது தெரிய வந்ததும், இன்ன இடத்தில் பழுது, அதை இவ்வாறு சரி செய்கிறோம் என்று புதிய வாடிக்கையாளர்களின் வீடுகளிலெல்லாம் மாற்றித் தருகிறார். ஆனால் பழைய வாடிக்கையாளர்களின் தவணை முடிந்துவிட்டது என்று அவர்களை விட்டுவிடுகிறார். திருடன் என்ன செய்வான்? மாற்றப்பட்ட பூட்டைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். எங்கே பழுது என்பது அவனுக்கு விளங்கிவிடும். பிறகு பழைய பூட்டுள்ள வீடுகளை நோக்கிச் செல்வான்.

கணினியிலும் இதுவே நடக்கிறது. விண்டோஸின் புதிய பதிப்பும் பழைய பதிப்பும் பெரும்பகுதி ஒரே மூலத்திலிருந்து வந்தவை. எனவே புதியதற்கு மாதந்தோறும் வெளியாகும் திருத்தங்களுள் சில, பழையதில் அடைபடாமல் கிடக்கும் அதே ஓட்டைக்கு வழிகாட்டும் வரைபடமாகிவிடுகின்றன. ஆகவே பழைய கணினி ஒரே நிலையில் இருப்பதில்லை. மாதத்துக்கு மாதம் பலவீனமாகிக் கொண்டே போகிறது.

திருத்தம் வந்த பின்னரே பெரும் தாக்குதல்கள் நிகழ்ந்தன என்பதற்கு வரலாறு சான்றாக இருக்கிறது. 2003 ஜூலை 16 அன்று விண்டோஸின் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. ஆகஸ்ட் 11 அன்று, அதாவது 26 நாட்களில், அதே ஓட்டையின் வழியே பிளாஸ்டர் என்னும் புழு உலகெங்கும் பரவியது. 2008 அக்டோபர் 23 அன்று மற்றொரு திருத்தம் வந்தது. அடுத்த மாதமே கான்ஃபிக்கர் வந்தது. 2017 மார்ச் 14 அன்று இன்னொரு திருத்தம் வந்தது; 59 நாட்கள் கழித்து, மே 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை, வான்னாகிரை வந்தது. இம்மூன்றிலும், திருத்தத்தை உடனே ஏற்றிக்கொண்டவர்கள் அந்த ஓட்டையின் வழியே தாக்கப்படவில்லை.

மருத்துவமனைகள் கற்ற பாடம்

இவற்றுள் வான்னாகிரை நமக்கு நல்ல படிப்பினை. இது ரான்சம்வேர் என்னும் வகையைச் சேர்ந்தது. கணினிக்குள் புகுந்ததும் அதிலுள்ள கோப்புகளையெல்லாம் திறக்க முடியாதவாறு பூட்டிவிடும். பிறகு 300 டாலர் பெறுமானமுள்ள பிட்காயின் செலுத்தினால் திறந்து தருவதாகத் திரையில் அறிவிக்கும். மூன்று நாட்களில் தொகை இருமடங்காகும் என்றும், ஏழு நாட்கள் கடந்தால் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் மிரட்டும். எவரும் எதையும் அழுத்தாமலேயே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது கணக்கிடப்பட்டது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையான என்.எச்.எஸ். பெரும் அல்லலுக்கு ஆளாயிற்று. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 236 மருத்துவ அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000 க்கும் மேற்பட்ட நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. ஐந்து இடங்களில் அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. வலியால் துடிப்பவரை ஏற்றி வந்த வாகனம், ஒரு மென்பொருளின் ஓட்டையால் வேறிடம் தேடிச் செல்கிறது என்றால் அதன் கனத்தை உணருங்கள்.

அவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. எக்ஸ்பி போன்ற பழைய மென்பொருளை விட்டு 2015 ஏப்ரலுக்குள் வெளியேறத் திட்டமிடுமாறு 2014 லேயே அரசு கடிதம் எழுதியிருந்தது. கூடுதலாக ஓராண்டு எக்ஸ்பிக்குத் திருத்தம் பெறுவதற்காகப் பிரிட்டன் அரசு சுமார் 55 இலட்சம் பவுண்டு செலுத்தியும் இருந்தது. 2017 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மீண்டும் எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன. எனினும் பாதிக்கப்பட்ட அமைப்புகள் அனைத்திலும் திருத்தம் ஏற்றப்படாத விண்டோஸோ தவணை முடிந்த விண்டோஸோ இருந்ததைத் தணிக்கை அலுவலகம் கண்டது. எளிய நடவடிக்கைகளால் தவிர்த்திருக்கக் கூடியது என்பதே அதன் முடிவு.

இங்கு ஒன்றைச் சரியாக விளங்கிக் கொள்ள வேண்டும். அன்று பாதிக்கப்பட்ட கணினிகளுள் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7 ஆகும். அதற்கான திருத்தம் அப்போது இலவசமாகவே கிடைத்தது; ஏற்றிக்கொள்ளாமல் விட்டிருந்தார்கள். ஆக, தவறு இரு வகைப்படும். காவலாளி இல்லாத வீட்டில் அடைக்கலப் பொருளை வைப்பது ஒன்று. காவலாளி வாசலில் வந்து நிற்க, அவரை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக் கொள்வது மற்றொன்று.

நம் நாட்டில் வங்கிகளின் ஏ.டி.எம். இயந்திரங்கள் பலவும் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தன. 2018 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி, அவற்றையெல்லாம் ஆதரவுள்ள இயங்குதளத்துக்குப் படிப்படியாக மாற்றி 2019 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்று வங்கிகளுக்குக் காலக்கெடு விதித்தது. ஏ.டி.எம். இயந்திரங்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன என்பதை வினா எழுப்பிய பெரியவர் கவனத்தில் கொள்வார்கள் என நம்புகிறோம்.

நம்மிடையே சொல்லப்படும் சமாதானங்கள்

"நம்மிடம் திருட என்ன இருக்கிறது? நம்மை யார் தேடி வரப் போகிறார்கள்?" என்பது முதல் சமாதானம். இத்தகைய புழுக்கள் ஆளைப் பார்த்து வருவதில்லை. தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தள்ளிப் பார்த்துத் திறந்திருக்கும் வீட்டில் நுழைகின்றன. மேலும், திருட ஒன்றுமில்லை என்பதும் சரியன்று. ஒருவரின் பெயர், தந்தையின் பெயர், தொலைபேசி எண், ஆதார் நகல், அவர் பெறும் உதவித்தொகை ஆகியவை ஒரு மோசடிக்காரன் கையில் கிடைத்தால் அவன் என்ன செய்வான்? "ஜமாஅத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் உதவித்தொகை வந்திருக்கிறது, வங்கியிலிருந்து வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒரு விதவைத் தாயிடம் கேட்பான். எல்லா விபரமும் சரியாகச் சொல்கிறானே என்று அந்தத் தாய் நம்பிவிடுவார். இழப்பு அவருடையது, பொறுப்பு நம்முடையது.

"ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோம்" என்பது இரண்டாவது. அது தேவையான ஒன்றே. ஆனால் வாசலில் காவலாளி நிற்க, பின்சுவர் இடிந்து கிடந்தால் பயன் குறைவு. அன்றியும், பழைய இயங்குதளத்தைப் பிற மென்பொருள்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடும். இணையம் பார்க்க உதவும் குரோம், எக்ஸ்பிக்கான புதிய பதிப்புகளை 2016 லும், விண்டோஸ் 7 க்கானவற்றை 2023 லும் நிறுத்திக் கொண்டது.

"இணைய இணைப்பே கொடுக்கவில்லை" என்பது மூன்றாவது. இதனால் ஆபத்து பெரிதும் குறையும் என்பது உண்மை. ஆனால் நிகாஹ் அழைப்பிதழை அச்சிட ஒருவர் பென் டிரைவ் கொண்டு வருகிறார். தணிக்கையாளருக்குக் கணக்கை மற்றொரு பென் டிரைவில் கொடுக்கிறோம். கான்ஃபிக்கர் பென் டிரைவ் மூலமாகவும் பரவியது என்பதை மறந்துவிடலாகாது.

"பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகள் புதிய கணினியில் திறக்காதே" என்பது நான்காவது. நம் போன்ற அலுவலகங்களில் பழைய கணினியைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு உண்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் இருந்த காலம் அது. தமிழக அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சில நாட்கள் அமர்ந்தால் முடியும் பணி இது. மாற்றியபின் பெயர்களை மூலத் தஃப்தருடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது மட்டும் அவசியம்.

ஐந்தாவது, வெளியே சொல்லப்படாத காரணம். பல இடங்களில் கணினியில் ஏற்றியிருப்பது விலை கொடுத்து வாங்காத கள்ள நகலாக இருக்கிறது. அப்டேட் செய்தால் அசல் அன்று என்று திரையில் அறிவிப்பு வந்துவிடும் என அஞ்சி, அந்த வசதியையே அடைத்து வைத்துவிடுகிறார்கள். ஒரு தவறை மறைக்க மற்றொரு தவறு. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பதிப்புரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தில் மதிக்கப்பட வேண்டிய உரிமைகளே என்றும், அவற்றில் அத்துமீறக் கூடாது என்றும் தீர்மானித்தது. அல்லாஹ்வின் இல்லத்துக் கணக்கைப் பிறர் உரிமையைப் பறித்த பொருளில் எழுதுவது நமக்குத் தகாது.

தவக்குல் என்பது எது?

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்று சிலர் சொல்வதுண்டு. அல்லாஹ்வே காவலன், அதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்ட தோழருக்கு, கட்டிய பின் தவக்குல் வைக்குமாறே நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதீயில் வருகிறது. கட்டும் கயிறு காலத்துக்குக் காலம் மாறும். அன்று அது கயிறு. நேற்று அலமாரிப் பூட்டு. இன்று இந்தத் திருத்தங்களும் கடவுச்சொல்லும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சியும் வைக்குமாறு திருமறையின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா 282 கட்டளையிடுகிறது. எழுதச் சொன்ன மார்க்கம், எழுதியது அழிந்து போகட்டும் என்று விடச் சொல்லுமா?

நாட்டின் சட்டமும் இதைக் கடமையாக்கி வருகிறது. 2023 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் விபரங்களைக் கணினியில் வைத்திருப்போர் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட, மஹ்ஷரில் கேள்வி கேட்கப்படும் என்று அஞ்சிச் செய்வதே முஃமினுக்கு அழகு.

செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக் குவிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. செலவு குறைந்த வழியிலிருந்து தொடங்கலாம். நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்கு இவற்றை வைக்கிறோம்.

1. அலுவலகம், மதரஸா, பைத்துல்மால் ஆகியவற்றிலுள்ள கணினிகளைக் கணக்கெடுத்து, எதில் எந்த இயங்குதளம் உள்ளது, அதன் தவணை என்று முடிகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும். அறிந்த இளைஞர்கள் ஒரு மணி நேரத்தில் செய்து தருவார்கள்.

2. தவணை முடிந்தவற்றை இன்றே இணையத்திலிருந்து துண்டிக்க வேண்டும். குறிப்பாக, அவற்றில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது.

3. முக்கியக் கோப்புகளுக்கு இரண்டு படிகள் எடுத்துத் தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் வைக்க வேண்டும். படி எடுத்ததும் அவற்றைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் ரான்சம்வேர் அவற்றையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரு படி அலுவலகத்திலும் மற்றொன்று வேறொரு கட்டடத்திலும் பூட்டி வைக்கப்பட வேண்டும். நிகாஹ் தஃப்தரைக் காகிதத்திலும் தொடர்ந்து எழுதி வர வேண்டும்.

4. இருக்கும் கணினி புதிய விண்டோஸைத் தாங்குமா எனப் பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் உடனே குப்பையில் போட வேண்டியதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் பழைய கணினிகள் பலவற்றில் நன்றாக ஓடுகின்றன. இவற்றுக்குக் கள்ள நகல் என்ற பேச்சே இல்லை. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக இத்தகைய மென்பொருளிலேயே பாடம் நடத்துகின்றன. மதரஸாக் கணினிக்கு இதுவே போதுமானது. ஆயினும் இவற்றுக்கும் பதிப்புக்குப் பதிப்பு தவணை உண்டு என்பதால், திருத்தங்களை ஏற்றிக்கொண்டே வர வேண்டும்.

5. கணக்கெழுதும் கணினி ஒன்றை மட்டும் அசல் உரிமத்துடன் புதிதாக வாங்கலாம். அப்டேட் வசதியைத் திறந்து வைத்து, வாரம் ஒருமுறை, ஜுமுஆவுக்குப் பின் என்று வைத்துக் கொள்ளலாம், பொறுப்பாளர் ஒருவர் சரிபார்த்து ஏட்டில் கையொப்பமிட வேண்டும். அதில் விளையாட்டும் படமும் கூடாது.

6. ஜகாத் பெறுவோர் பட்டியலும் குடும்ப வழக்குகளின் பதிவும் தனிக் கடவுச்சொல்லுடன், பொறுப்புள்ள இருவர் மட்டுமே திறக்கத் தக்கதாக இருக்க வேண்டும்.

7. பழைய கணினியை விற்கும் முன் அதன் ஹார்டு டிஸ்க்கை முறையாகத் துடைக்கவோ கழற்றி உடைக்கவோ வேண்டும். கோப்பை டெலீட் செய்துவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. அழித்த கோப்பை மீட்டெடுக்க முடியும்.

வீட்டில் கணினி வைத்திருப்போரும், கடைக்கணக்கைக் கணினியில் எழுதும் வணிகப் பெருமக்களும் இதையே தத்தம் இடத்தில் செய்ய வேண்டுகிறோம். கையிலுள்ள செல்பேசிக்கும் இதே விதிதான். நிறுவனம் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்ட பழைய செல்பேசியில் வங்கிப் பணம் அனுப்பாதீர்கள்.

மையவாடிக்கு விளக்கும் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. இருட்டில் ஜனாஸாவைச் சுமந்து செல்வோர் கால் தடுக்கி விழக் கூடாது என்பதுதானே அந்தப் பெரியவரின் கவலை? அதே கவலையைத்தான் நாமும் வேறோர் இடத்தில் வைக்கிறோம். நம்மை நம்பித் தம் வறுமையையும் வழக்கையும் எழுதித் தந்த குடும்பம் ஒன்று, நமது கவனக்குறைவால் ஊர் நடுவே தலைகுனிய நேரிடக் கூடாது. விளக்குக்கான நன்கொடையை அளிக்க முன்வருவோர் இந்தச் சபையிலேயே இருப்பார்கள். கணினிக்கான தொகையையோ, ஜமாஅத்தின் பொதுக் கடமையாகவே கருதி நிறைவேற்றித் தருமாறு கேட்டுக் கொள்கிறோம்.

யா அல்லாஹ்! எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காக்கும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் குறைகளையும் எங்கள் மஹல்லா மக்களின் குறைகளையும் இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வாயாக! பள்ளிவாசலுக்காக உழைப்போரின் உழைப்பையும், கொடுப்போரின் கொடையையும் கபூல் செய்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.